தீவிலா, கரையிலா: கிராபியை வைத்து ஒரு பேச்சு

தாய்லாந்துக் கடலோரத்துக்குப் போகத் திட்டமிடும் குடும்பங்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "கரையிலேயே ஓட்டல் எடுக்கலாமா, இல்லை தீவுக்கே போய்விடலாமா?" உட்காருங்கள், டீ வரட்டும், நிதானமாகப் பேசுவோம். படங்களை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் எல்லாரும் தீவுக்குத்தான் போவார்கள். பெட்டியோடு படகில் ஏறும் பாடு படத்தில் தெரியாது. மழைக்காலம் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே ஓடுவது என்பதும் தெரியாது.

பேச வசதியாகக் கிராபியை எடுத்துக்கொள்வோம். தாய்லாந்தின் தெற்கில், அந்தமான் கடலைப் பார்த்திருக்கும் மாகாணம். விமான நிலையத்தில் இறங்கிக் காரில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆவ் நாங் என்ற கடற்கரை ஊர் வந்துவிடும். ஓட்டல், மருந்துக்கடை, இரவுச் சந்தை, இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் அங்கே உண்டு. எதிரே கடலுக்குள் சுண்ணாம்புப் பாறைத் தீவுகள் செங்குத்தாக நிற்கும். சற்றுத் தொலைவில் பீ பீ தீவு, தெற்கே லாந்தா தீவு. தீவா கரையா என்ற குழப்பம் முழுவதையும் இந்த ஒரு மாகாணத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

வரைபடத்தை நம்பாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து மாகாணமான புக்கெட் வரைபடத்தில் தீவு. ஆனால் 1967இலேயே சாரசின் பாலம் போட்டு நிலத்தோடு இணைத்துவிட்டார்கள். காரில் போகிறீர்கள், காரில் வருகிறீர்கள், பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. தங்குகிறவருக்கு அது கரைதான். ரைலே அதற்கு நேர்மாறு. நிலத்தோடு ஒட்டிய முனை அது. ஆனால் முதுகுப்புறம் முழுக்க மலைச்சுவர், சாலை போட வழியில்லை. ஆவ் நாங்கிலிருந்து படகில் கால் மணி நேரம் போனால்தான் உண்டு. வரைபடம் என்ன சொன்னாலும் ரைலேயில் தங்குவது தீவில் தங்குவதுதான். ஆகவே அறைக்குப் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது, வாசல் வரை வண்டி வருமா, படகுதான் கதியா என்பதை.

படகுதான் கதி என்றால் அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது? என் பார்வையில் கிடைப்பது காலையும் மாலையும். கரையில் தங்கினாலும் தீவுகளைப் பார்த்துவிடலாம். ஆவ் நாங்கில் எந்தக் கடையில் கேட்டாலும் நான்கு தீவுச் சுற்றுலாவுக்கும் பீ பீ சுற்றுலாவுக்கும் சீட்டுக் கிடைக்கும். ஆனால் எல்லாப் படகும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே நேரத்தில் போய்ச் சேரும். பத்து மணியிலிருந்து மூன்று, நான்கு மணி வரை அந்தத் தீவுகளில் மணலைவிடத் தலைகள் அதிகம் என்று சொல்லும்படி கூட்டம். பிறகு படகுகள் எல்லாம் திரும்பிவிடும். வெயில் தாழ்ந்து, தண்ணீர் அமைதியாகி, நண்டுகள் வெளியே வரும் அந்த நேரம் தீவில் அறை எடுத்தவருக்கு மட்டும். விடிகாலையும் அப்படித்தான். தீவில் தங்கக் கொடுக்கும் கூடுதல் காசு இந்த நான்கைந்து மணி நேரத்துக்கான விலை. உங்கள் குடும்பம் அந்த நேரத்தில் விழித்திருக்குமா, கடலில் இறங்குமா, சும்மா உட்கார்ந்து பார்க்கப் பிடிக்குமா? ஆமாம் என்றால் விலை நியாயம். பத்து மணிக்கு எழுந்து, மாலையில் கடைத்தெருவில் நடக்க விரும்புகிற குடும்பம் என்றால் அந்தக் காசை மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

கூட்டம் என்ன செய்யும் என்பதற்கு மாயா விரிகுடாவையே பாருங்கள். பீ பீ லே என்ற ஆளில்லாத தீவில், மூன்று பக்கமும் பாறை சூழ்ந்த சின்ன மணல்கரை அது. 2000இல் வந்த 'தி பீச்' படம் அதை உலகத்துக்கே காட்டியது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து, நங்கூரங்கள் பவளத்தை உடைத்து, 2018 ஜூனில் அரசு அதை இழுத்து மூடியது. மறுபடி திறந்தது 2022 ஜனவரியில். இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழையக் கூடாது. பின்பக்கம் இறங்கி நடந்து வர வேண்டும். ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் ஓய்வுக்காக மூடுகிறார்கள். மூடியிருந்த காலத்தில் கருமுனைச் சுறாக்கள் அந்த ஆழமில்லாத தண்ணீருக்குத் திரும்பி வந்தன. எனக்கு அந்தச் செய்தி தந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. அங்கே யாரும் இரவு தங்க முடியாது. ஆனால் பக்கத்தில் ஊரும் ஓட்டல்களும் இருக்கும் பீ பீ டோன் தீவில் தங்கியிருந்தால், கரையிலிருந்து வரும் கூட்டத்துக்கு முன்பே முதல் படகில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆவ் நாங்கில் இறங்கிய பலர், "படத்தில் பார்த்த நீலம் எங்கே?" என்று ஏமாறுகிறார்கள். கரையோரத்தில் ஆறுகள் கடலில் கலக்கின்றன. கிராபி ஆற்றின் முகத்துவாரம் முழுக்க அலையாத்திக் காடு. ஆறு கொண்டுவரும் வண்டல் கரையை ஒட்டியே மிதக்கும். அதனால் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகத் தெரியும். அழுக்கு என்று நினைக்க வேண்டாம், அது வெறும் வண்டல். மீன் குஞ்சு வளர்வதே அந்த அலையாத்திச் சேற்றில்தான். கரையிலிருந்து விலக விலக வண்டல் படிந்துவிடும், வெளிச்சம் அடிவரை இறங்கும், பவளம் வளரும். முகமூடி மாட்டிக்கொண்டு மீன் பார்ப்பதுதான் உங்கள் ஆசை என்றால், தீவுப் பக்கம்தான் போக வேண்டும். குழந்தைகள் மணலில் வீடு கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் ஆடினால் போதும் என்றால் கரை போதும்.

இன்னொன்று, கடல் வற்றும் நேரம். நம் ஊர்க் கிழக்குக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, அதனால் நமக்கு இது நினைவுக்கே வராது. அந்தமான் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் இரண்டு மீட்டருக்கும் மேலாக ஏறி இறங்கும். காலையில் ஓட்டல் வாசலில் இருந்த தண்ணீர், மதியம் நூறு இருநூறு அடிக்கு அப்பால் போய், நடுவில் சேறும் கல்லும் தெரியும். ரைலேயின் கிழக்குப் பக்கம் இப்படித்தான் சேற்றுவெளியாகிவிடும். மேற்குப் பக்கம் மணல்கரை. அறை எடுக்கும்போது எந்தப் பக்கம் என்று பாருங்கள். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இந்த வித்தியாசம் குறைவு. சமையலறையில் தொங்கும் நாட்காட்டியில் திதியைப் பார்த்தே பயண நாளை முடிவு செய்யலாம். கடற்கரையில் குளிப்பதே நோக்கம் என்றால் அஷ்டமி வாரம் நல்லது.

ஆனால் வற்றம் ஓர் அழகையும் கொண்டுவரும். நான்கு தீவுச் சுற்றுலாவில் தாலே வேக் என்றோர் இடம் காட்டுவார்கள். தூப், மோர், கோழித்தீவு என்ற மூன்று சின்னத் தீவுகளுக்கு நடுவே, தண்ணீர் வற்றியதும் வெள்ளை மணல்திட்டு மேலே வந்து பாதை போடும். ஒரு தீவிலிருந்து மற்றொன்றுக்குக் கால் நனையாமல் நடக்கலாம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில்தான் அது முழுதாகத் தெரியும். சீட்டு வாங்கும்போது, "படகு அங்கே போகும் நேரத்தில் கடல் வற்றியிருக்குமா?" என்று கேளுங்கள். அவர்களுக்கு அன்றைய நேரம் மனப்பாடமாகத் தெரியும்.

இப்போது மாதம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கேரளத்துக்கு மழை கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று வங்கக்கடலையும் தாண்டிப் போய் கிராபி, புக்கெட், பீ பீ கரைகளில் மோதுகிறது. மே முதல் அக்டோபர் வரை அங்கே மழையும் அலையும். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் கடலில் இறங்கவே கூடாது, எவ்வளவு நன்றாக நீந்துபவராக இருந்தாலும். அதே தாய்லாந்தின் கிழக்குப் பக்கம், வளைகுடாவில் இருக்கும் சமுய், பாங்கான், தாவ் தீவுகள் அப்போது ஓரளவு நன்றாக இருக்கும். அவற்றுக்குப் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, நவம்பரில் உச்சம். அதாவது புக்கெட்டுக்குக் கொச்சியின் மழைக்காலம், சமுய்க்குச் சென்னையின் மழைக்காலம். நடுவில் ஓடும் மலைத்தொடர் நம் மேற்குத் தொடர்ச்சி மலையைப் போலக் காற்றைத் தடுத்துப் பிரிக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பள்ளி விடுமுறை மே மாதம் என்றால் கிராபியைத் தள்ளிவைத்து வளைகுடாப் பக்கம் பாருங்கள். ஏப்ரல் என்றால் கிராபி இன்னும் நன்றாகவே இருக்கும், வெயில்தான் கடுமை. ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்களுக்கு சொங்க்ரான், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் அவர்களுடைய புத்தாண்டு. தெருவெல்லாம் தண்ணீர் வீச்சு, படகுச் சீட்டுக்கும் அறைக்கும் அடிதடி. தீபாவளி விடுமுறைக்குச் சமுய் வேண்டாம். பொங்கலுக்குக் கிராபி பிரமாதம், விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும்.

மழைக்காலத்தில் மலிவு விலைக்கு ஆசைப்பட்டுப் போவதும் தப்பில்லை. ஆனால் அப்போது கரையில் தங்குங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். மே மாத நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை சிமிலான் போன்ற தேசியப் பூங்காத் தீவுகளை மூடிவிடுகிறார்கள். கிராபியிலிருந்து லாந்தாவுக்குப் போகும் பயணிகள் படகும் அப்போது ஓடாது, வேனில்தான் போக வேண்டும். தீவில் மூன்று நாள் விடாமல் பெய்தால் அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கரையில் அப்படியில்லை, காரை எடுத்துக்கொண்டு உள்நாட்டுக்குப் போகலாம். கிராபிக்குத் தெற்கே க்லோங் தோம் வட்டாரத்தில் காட்டுக்குள் பச்சைத் தண்ணீர்க் குளமும், வெந்நீர் அருவியும் இருக்கின்றன. மழையிலும் குளிக்கலாம்.

க்லோங் தோமுக்குப் போகத் தமிழருக்கு மட்டும் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே குவான் லுக் பட் என்ற மேட்டில் பழைய மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றோடு பொன் உரைத்துப் பார்க்கும் சின்னக் கல் ஒன்றும் கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன், பெரும்பத்தன் என்ற தட்டாரோ வணிகரோ இந்தக் கரையில் பொன்னை உரைத்துப் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்தில் வந்தவர்களும் காற்றைப் பார்த்துத்தான் வந்தார்கள், காற்று திரும்பும்வரை காத்திருந்துதான் போனார்கள். கடற்கரை விடுமுறையில் அரை நாளை இதற்காக ஒதுக்கலாம் என்பது என் விருப்பம்.

இனிக் கூட வருகிறவர்கள். இளம் தம்பதி என்றால் இந்தப் பகுதியைக் கேட்காமலே எழுந்து போகலாம். அம்மா அப்பாவோ கைக்குழந்தையோ வருகிறார்கள் என்றால் கவனமாகக் கேளுங்கள். கிராபிக் கரையில் ஓடும் நீளவால் படகு பார்க்க அழகு. மெலிந்த மரப்படகு, முனையில் படகைக் காக்கும் மே யா நாங் தெய்வத்துக்குக் கட்டிய வண்ணத் துணிகளும் மாலையும். பின்னால் ஒரு வண்டி எஞ்சினைத் தாங்குகட்டையில் ஏற்றி, நீண்ட இரும்புத் தண்டின் நுனியில் விசிறியைப் பொருத்தியிருப்பார்கள். ஓட்டுபவர் அந்தத் தண்டைத் தூக்கித் திருப்பித்தான் படகைத் திருப்புகிறார். பல இடங்களில் படகுத்துறை கிடையாது. முழங்காலளவுத் தண்ணீரில் நடந்து போய், ஆடுகிற படகின் பக்கவாட்டில் தொங்கும் சின்ன ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். இறங்கும்போதும் அதேதான். ரைலே போக எட்டுப் பேர் சேரும்வரை படகு கிளம்பாது. மூட்டு வலிக்காரருக்கு இதை ஒரு முறை செய்வது அனுபவம், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் செய்வது தண்டனை. விரைவுப் படகில் அலை அடிக்கும்போது முதுகுத்தண்டு அதிரும். கர்ப்பிணிகளையும் முதுகு வலிக்காரர்களையும் பல படகுக்காரர்கள் ஏற்றவே மாட்டார்கள். மற்றவர்களும் பின்வரிசையில் உட்காருவது நல்லது, முன்பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும்.

மருத்துவ வசதியில் சமுய் தேவலை. விமான நிலையமும் மருத்துவமனைகளும் தீவிலேயே இருக்கின்றன. பீ பீயில் இருப்பது சின்ன மருத்துவமனை, கொஞ்சம் பெரிய சிக்கல் என்றால் படகில் ஏற்றிப் புக்கெட்டுக்கோ கிராபிக்கோ அனுப்புவார்கள். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களோடு போகும்போது நான் கரையைத்தான் சொல்வேன். எங்கே தங்கினாலும் பயணக் காப்பீடு எடுங்கள். வளைகுடாத் தீவுகளில் கரையோரக் கம்பங்களில் வினிகர் புட்டி தொங்குவதைப் பார்ப்பீர்கள். பெட்டி ஜெல்லிமீன் கொட்டினால் ஊற்றுவதற்கு அது. தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, வினிகரை ஊற்றிக்கொண்டே உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். குழந்தைகளுக்கு உடல் முழுக்க மூடும் நீச்சல் உடை போட்டுவிடுங்கள்.

2004 டிசம்பர் 26ஐ நாகப்பட்டினத்துக்காரருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அதே சுனாமி அலை அங்கேயும் அடித்தது. பீ பீ டோனில் ஊர் இருப்பது இரண்டு விரிகுடாக்களுக்கு நடுவே ஒடுங்கிய மணல் இடுப்பில். அன்றைக்கு இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் வந்தது. வடக்கே கரையோர ஊரான காவ் லாக்கில் காவல்துறைப் படகு ஒன்றை அலை தூக்கிக்கொண்டு போய் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நிலத்துக்குள்ளே போட்டது. இன்றும் அது அங்கேயே நினைவுச் சின்னமாக நிற்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. தீவோ கரையோ, ஓட்டலுக்குப் போன முதல் மாலையில் தப்பிக்கும் வழி காட்டும் பலகை எங்கே இருக்கிறது, மேட்டுக்கு எந்தப் பாதை என்று குடும்பத்தோடு ஒரு நடை நடந்து பாருங்கள்.

செலவைப் பற்றி நீட்ட வேண்டாம். அரிசி, முட்டை, எரிவாயு எல்லாம் படகில் வருகிற இடத்தில் விலை கூடும், அதே காசுக்குக் கரையில் நல்ல அறை கிடைக்கும். சாப்பாடு மட்டும் ஒரு வார்த்தை. சைவக்காரர்களுக்கு ஆவ் நாங்கில் சிரமமில்லை. சின்னத் தீவுகளில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு, சிப்பிச் சாறு விழும். "கின் ஜே" என்று சொன்னால் இறைச்சி, மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்துத் தொங்கும் கடைகள் அந்தச் சாப்பாட்டுக் கடைகள்தான். பூண்டு, வெங்காயம்கூட அதில் இருக்காது.

நடுவழி வேண்டும் என்றால் லாந்தாவைப் பாருங்கள் என்பது என் சிபாரிசு. வேனிலேயே ஏறி உட்கார்ந்தால் வேனோடு சேர்த்துப் படகு கடத்திவிடும். லாந்தா நோய், லாந்தா யாய் என்ற இரு தீவுகளுக்கு நடுவே 2016இல் பாலமும் வந்துவிட்டது. விமான நிலையத்திலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம். மேற்கே நீண்ட மணல்கரைகள், கிழக்கே கால் நட்டுக் கடல்மேல் நிற்கும் பழைய மரவீடுகளின் தெரு. பாட்டியைத் தண்ணீரில் நடத்த வேண்டியதில்லை, ஆனால் மாலைக்கடல் கிடைக்கும்.

ஐந்து இரவு இருக்கிறது என்றால் நான் போடும் கணக்கு இப்படி. முதல் இரவு ஆவ் நாங். பாங்காக் வழியாக வந்து சேரும்போது மாலையாகிவிடும், பீ பீக்கான பெரிய படகு அதற்குள் போயிருக்கும். தனிப்படகு பேசினால் பல மடங்கு காசு, இருட்டில் கடல் வேறு. நடுவில் மூன்று இரவு தீவு. இரண்டாகப் பிரித்து இரண்டு தீவு பார்க்கும் ஆசை வேண்டாம், பெட்டி கட்டி அவிழ்ப்பதிலேயே பகல் போய்விடும். கடைசி இரவு மறுபடி கரையில், விமான நிலையத்துக்குக் காரில் போகும் தூரத்தில். காற்று அடித்துப் படகை நிறுத்திவிட்டால் விமானம் உங்களுக்காக நிற்காது. தீவு ஓட்டலுக்கு முன்பணம் கட்டும் முன் மூன்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தப் படகுத்துறை, கடைசிப் படகு எத்தனை மணிக்கு, துறையிலிருந்து அறைக்குப் பெட்டியை யார் கொண்டுவருவார்கள். பீ பீயில் காரோ ஆட்டோவோ கிடையாது. கைவண்டிக்காரர்கள்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். சில ஓட்டல்களுக்குத் துறையிலிருந்து இன்னொரு படகு பிடிக்க வேண்டியிருக்கும்.